மூச்சுக்கு ஏறி இறங்கும் நீர்

ராயபுரம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'தான். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் அதன் வேர். மூளைக்காய்ச்சல் சந்தேகம் வந்து, "முதுகுல தண்ணி எடுக்கணும்" என்று டாக்டர் சொன்னால், கூட வந்தவர்களுக்கு அடிவயிறு கலங்கும். எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று பயம். ஆனால் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த அந்த நீரை நம் மூச்சு ஆட்டுவதைக் கண்ணுக்குக் காட்டியதும் அந்த ஊசிதான்.

அந்த ஊசியின் கதையில் இரண்டு துறைமுகங்கள் வருகின்றன. மண்டையோடு விரியாத பெட்டி, உள்ளே ஒன்று புகுந்தால் ஒன்று வெளியேற வேண்டும் என்று 1783இல் அலெக்சாண்டர் மன்றோ சொன்னதற்கு, ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்து மருத்துவர் ஜார்ஜ் கெல்லி 1824இல் ஆதாரம் சேர்த்தார். 1891இல் ஜெர்மனியின் கீல் துறைமுக நகரில் ஹைன்ரிக் குவின்கே இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கு நடுவே ஊசி இறக்கி நீர் எடுத்தார். குழாய் பொருத்தி அழுத்தமும் அளந்தார்.

அந்தக் குழாயைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். தெளிந்த நீர் மெல்ல ஏறி நிற்கும். நாடித்துடிப்புக்குச் சின்னதாகத் துள்ளும். மூச்சை இழுத்தால் இறங்கும், விட்டால் ஏறும். இருமினால் விருட்டென்று எழும். 1916இல் குவெக்கன்ஸ்டெட் கழுத்துச் சிரைகளை அழுத்திப் பார்த்தார். தடை இல்லாத முதுகில் நீர் உடனே உயர்ந்தது. சிரை ரத்தம் தேங்கினால் நீர் அழுத்தம் ஏறும் என்பது உறுதியானது.

காரணம் நெஞ்சில் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைகிறது. தலையின் சிரை ரத்தம் இதயத்துக்கு இறங்குகிறது. காலியான இடத்துக்கு முதுகிலிருந்து நீர் மேலேறுகிறது. 2015இல் கோட்டிங்கன் ஆய்வாளர்கள் இந்த ஓட்டத்தை எம்.ஆர்.ஐ.யில் நேரடியாகவே படம்பிடித்தார்கள். ஆழ்ந்து மூச்சிழுக்கும்போதெல்லாம் நீர் ஓடியது. மூச்சை அடக்கியதும் ஓட்டம் அடங்கியது, இதயத்துடிப்பின் சிற்றசைவே மிஞ்சியது.

கால் விளங்காமல் போகும் என்ற பயத்துக்கு வருவோம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்புகளில் முதலாவது, இரண்டாவதன் அருகிலேயே முடிந்துவிடும். ஊசி இறங்குவது அதற்கும் கீழே. ஆனால் பயந்து முக்கினால் அழுத்தம் பொய்யாகக் கூடித் தெரியும். அதனால், நம் வீட்டாருக்கு முதுகில் தண்ணீர் எடுக்கும் நாளில் அழுது அவரைக் கலங்கடிக்க வேண்டாம். "முக்காதப்பா, சும்மா மூச்சு விடு" என்று சொல்லி அனுப்புங்கள்.