மரத்துக்கு ஓய்வு உண்டு



நாஞ்சில் நாடு என்றதும் வயலும் குளமும் நினைவுக்கு வருகின்றன. வயலுக்கு மேலே மலைக்காடு இருக்கிறது. அங்கே உழைப்பவர்களின் பனிக்காலத்தைப் பற்றி இந்த நினைவுச் சொற்பொழிவில் பேச விரும்புகிறோம்.

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. 1960களில் வனத்துறை இங்கே காட்டை வெட்டி ரப்பர் நட்டது. கீரிப்பாறை, கோதையாறு, சிற்றாறு, மணலோடை ஆகியவை தோட்டங்களின் பெயர்களாயின. அது ஆளில்லாத காடு அல்ல. காணி மக்களின் மலை. 1984இல் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு அரசு ரப்பர் கழகம் உருவானது.

பால்வெட்ட வந்தவர்களில் இலங்கையிலிருந்து திரும்பியோர் பலர். சாதியும் பஞ்சமும் துரத்த, 19ஆம் நூற்றாண்டில் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கடல் கடந்து போனவர்களின் பிள்ளைகள் அவர்கள். அப்படிப் போனவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று அந்த மக்களைக் கேட்டு அந்த எண் முடிவாகவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து மீண்டும் ஒரு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

மலையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். பட்டை நனைந்தால் பால்வெட்ட முடியாது. மார்கழியில் பனி இறங்கும். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தொழிலாளி காட்டுக்குள் போக வேண்டும். குளிரில்தான் பால் நன்றாக ஒழுகும். வெயில் ஏறினால் மரத்துக்குள் நீரழுத்தம் குறைந்து ஒழுக்கு நின்றுவிடும். முந்நூறுக்கும் மேற்பட்ட மரங்களை இருட்டிலேயே வெட்டத் தொடங்கி, பிறகு திரும்பி வந்து பாலைச் சேகரித்து, சுமந்து, எடை போட வேண்டும். அந்த இருட்டில்தான் யானையும் நடமாடுகிறது.

தை, மாசியில் ரப்பர் இலையுதிர்க்கும். துளிர் வரும்வரை பால் குறையும், வெட்டு நிற்கும். பால் அளவையொட்டிக் கிடைக்கும் மேல்வருமானமும் அதோடு நிற்கும். மரத்துக்கு எப்போது ஓய்வு வேண்டும் என்று தோட்டக்கலைக்குத் தெரிகிறது. அந்த ஓய்வுக்கு விலை கொடுப்பவர் யார் என்பதை அது கேட்பதில்லை.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டை வேலையோடு கட்டியது. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் அதுவும் போகும். நாடு மாறியும் தலைமுறை மாறியும் நிலம் கைக்கு வராத மக்களுக்குக் குடியிருப்பும் ஒருவகை முகாம்தான்.

எத்தனை ஹெக்டேர் ரப்பர், எத்தனை கிலோ பால் என்பதற்கு ஏடுகளில் கணக்கு உண்டு. வெட்டியவர்களின் வரலாறு அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கிறது: மண்டபத்தில் கிடைத்த காகிதங்கள், கூலிச்சீட்டுகள், பழைய புகைப்படங்கள். மாணவர்களே, அவை செல்லரித்துப்போகுமுன் மலையேறுங்கள். பாட்டிமார்களின் நினைவைப் பதிவு செய்யுங்கள். காணி மக்களின் உரிமையையும் சேர்த்தே எழுதுங்கள். நாளை நிலமும் வீடும் கேட்டு நிற்கும்போது நம் கையில் இருக்க வேண்டிய ஆவணம் அதுவே.