அறிந்த வெப்பமும் தாமதித்த கருவியும்: வீட்டுச் சூடேற்றத்தில் ஒடுக்கக் கொதிகலனின் தொடக்க வரலாறு

எரிவாயு எரியும்போது உண்டாகும் நீராவியைப் புகைபோக்கி வழியே போகவிடாமல் நீராக ஒடுக்கி, அப்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பத்தையும் வீட்டைச் சூடேற்றும் நீரில் சேர்ப்பது ஒடுக்கக் கொதிகலன். ஒரு கன மீட்டர் மீத்தேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. அந்த ஆவியில் அடங்கியுள்ள வெப்பம் எரிபொருளின் நிகரக் கலோரி மதிப்பில் (ஆவியின் உள்ளுறை வெப்பத்தைச் சேர்க்காத மதிப்பு) சுமார் 11 விழுக்காடு. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியே இக்கருவிக்குக் காரணம் எனச் சொல்லப்படுவதுண்டு. நெருக்கடி தேவையை உணர்த்தியது உண்மைதான். ஆனால் எரிபொருளின் தன்மை மாறியிராவிட்டால் இக்கருவி செய்யப்பட்டிருக்க முடியாது. அதன் தொடக்கக்கால இடர்களைத் தாங்க ஓர் அமைப்பு முன்வந்திராவிட்டால் அது வீடுகளில் நிலைத்திருக்கவும் முடியாது.

அறிவு இங்கே குறையாக இருக்கவில்லை. உள்ளுறை வெப்பத்தை ஜோசப் பிளாக் கிளாஸ்கோவில் 1760களிலேயே விளக்கிவிட்டார். புகைவாயுவின் வெப்பத்தைக் கொண்டு கொதிகலனுக்குச் செல்லும் நீரை முன்கூட்டியே சூடாக்கும் கருவிக்கு எட்வர்ட் கிரீன் 1845இல் காப்புரிமை பெற்றார். ஆலைகளில் பரவிய அக்கருவி ஆவியை ஒடுக்கும் அளவுக்குப் புகையைக் குளிர்விக்கவில்லை, குளிர்விக்கவும் கூடாது. நிலக்கரியில் கந்தகம் உண்டு. நிலக்கரிப் புகை அளவுமீறிக் குளிர்ந்தால் குழாய்களின்மேல் கந்தக அமிலம் படிந்து இரும்பை அரித்துவிடும். ஆகவே புகையைச் சூடாகவே வெளியேற்றுவது பொறியாளர்களின் விதியாயிற்று. வார்ப்பிரும்புக் கொதிகலன்களும் செங்கல் புகைபோக்கிகளும் அந்த விதிக்கேற்பவே கட்டப்பட்டன.

விதியைத் தளர்த்தியது இயற்கை எரிவாயு. நெதர்லாந்தின் குரோனிங்கன் மாநிலத்தில் ஸ்லோக்டரன் என்ற ஊரருகே 1959இல் பெரும் எரிவாயு வயல் கண்டறியப்பட்டது. 1963இல் தொடங்கப்பட்ட காஸ்யூனி நிறுவனம் அந்த வாயுவை நாடெங்கும் குழாய்வழி கொண்டுசென்றது. 1960களின் இறுதிக்குள் பெரும்பாலான வீடுகளின் அடுப்பும் கொதிகலனும் அதற்கு மாறின. இவ்வாயுவில் கந்தகம் மிகக் குறைவு. அதன் புகையை 55 பாகை செல்சியசுக்குச் சற்றுக் கீழே குளிர்வித்தால் ஒடுங்கும் நீரிலும் அமிலத்தன்மை உண்டு. எனினும் துருப்பிடிக்காத எஃகும் தகுந்த அலுமினியக் கலவையும் அதைத் தாங்கும். குளிர்ந்த புகை தானாக மேலெழாது என்பதால் விசிறி தேவைப்பட்டது. புகை குளிர்ந்துவிட்டதால் வெளியேற்றக் குழாயைப் பிளாஸ்டிக்கிலும் செய்ய முடிந்தது. ஒடுங்கிய நீரைச் சாக்கடைக்குக் கொண்டுசெல்லத் தனி வடிகாலும் சேர்ந்தது.

1973இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடைக்கு நெதர்லாந்தும் இலக்கானது. அந்நாட்டில் எரிவாயுவின் விலை எண்ணெய் விலையோடு பிணைக்கப்பட்டிருந்ததால், சொந்த மண்ணில் கிடைத்த வாயுவும் விலையேறியது. 1978இல் தேசிய வீட்டு வெப்பக்காப்புத் திட்டம் தொடங்கியது. 1981இல் டெவன்டர் நகரின் நெஃபிட் நிறுவனம் வீடுகளுக்கான ஒடுக்கக் கொதிகலனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதல் தலைமுறைக் கருவிகள் விலை கூடியவை, பழுதுக்குப் பேர்போனவை, பொருத்துநர்கள் அவற்றை நம்பத் தயங்கினர். அரசின் மானியமும் எரிவாயுத் துறையின் சோதனைகளும் தரமுத்திரையும் அந்தத் தயக்கத்தின் விலையைப் பகிர்ந்துகொண்டன. நெதர்லாந்தின் பங்களிப்பில் மிகுந்த மதிப்புக்குரியது இதுவே. கருவியை முதலில் விற்றது யார் என்ற கேள்வி இதற்கு அடுத்தபடிதான்.

கருவி மட்டும் மாறினால் போதாது. ரேடியேட்டர்களிலிருந்து திரும்பும் நீர் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் ஆவி ஒடுங்கும். பழைய அமைப்புகளோ 90 பாகையில் அனுப்பி 70 பாகையில் திரும்பப் பெறும்படி கணக்கிடப்பட்டவை. கடுங்குளிர் நாட்கள் சிலவே என்பதாலும், காப்பிடப்பட்ட வீட்டுக்குப் பழைய ரேடியேட்டரே தேவைக்கு மேல் பெரிதாக இருந்ததாலும், ஆண்டின் பெரும்பகுதியில் குறைந்த வெப்பநிலை நீரே போதுமானதாயிற்று. ஒடுக்கக் கொதிகலனின் வெற்றியில் சுவர்க்காப்புக்கு உரிய பங்கைப் பொறியியல் வரலாறுகள் குறைத்தே மதிப்பிடுகின்றன.

 

தொடக்கக்கால இடர்களைத் தாங்க ஓர் அமைப்பு வேண்டும் என்ற வாதத்துக்கு உரைகல் பிரிட்டன். அங்கும் வடகடல் வாயு வந்தது; 1967 முதல் 1977 வரை வீடுகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற்றப்பட்டன. நெருக்கடியும் அங்கே உணரப்பட்டது. நிகரக் கலோரி மதிப்பில் செயல்திறனைக் கணக்கிடும் வழக்கம் ஆவியோடு போகும் இழப்பைக் கண்ணுக்கு மறைத்ததே தாமதத்துக்குக் காரணம் என்ற விளக்கமும் பிரிட்டனில் பொருந்தாது. ஆவியின் வெப்பத்தையும் சேர்த்து மொத்தக் கலோரி மதிப்பில் கணக்கிட்ட பிரிட்டனில் இழப்பு ஏட்டிலேயே தெரிந்தது. நிகர மதிப்பில் கணக்கிட்டு, அதனால் தன் கொதிகலன்களுக்கு 107 விழுக்காடு என முத்திரையிட்ட நெதர்லாந்துதான் முந்தியது. தாமதத்தின் காரணம் வேறு: நீண்டகால ஒப்பந்தங்களால் பிரிட்டனின் வாயு மலிவாக இருந்தது. புதிய கருவியின் கூடுதல் விலையையும் பழுது அச்சத்தையும் வீட்டுக்காரரே சுமக்க வேண்டியிருந்தது. 1990களிலும் ஒடுக்கக் கொதிகலன் அங்கே சிறுபான்மையாகவே இருந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் புதிதாகப் பொருத்தும் எரிவாயுக் கொதிகலன், விதிவிலக்கான இடங்கள் நீங்கலாக, ஒடுக்க வகையாகவே இருக்க வேண்டும் என்ற கட்டட விதி 2005 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது.