பி. ராம்லியின் இசை: ஜாலான் அம்பாஸிலிருந்து ஆய்வு நூல்கள் வரை

சிராங்கூன் சாலை வழியாக லிட்டில் இந்தியாவைக் கடந்து சென்றால் பாலஸ்டியர் சாலை பிரியும் சந்திப்பு வரும். அந்தச் சாலையிலிருந்து கிளைக்கும் ஒரு சிறிய தெருதான் ஜாலான் அம்பாஸ். அதன் 8ஆம் எண் வளாகத்தில் ஷா சகோதரர்களின் ‘மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ்’ படப்பிடிப்பு நிலையம் இயங்கி வந்தது. பாடகர், இசையமைப்பாளர், நடிகர், இயக்குநர் எனப் பல முகங்கள் கொண்ட பி. ராம்லி, 1948 முதல் 1964 வரை பணியாற்றிய இடம் அது.

அவருடைய பாடல்களை மலாய்க் குடும்பங்கள் மூன்று தலைமுறைகளாகப் பாடி வருகின்றன. அதே பாடல்கள் இன்று பல்கலைக்கழகங்களில் ஆய்வுப்பொருளாகவும் ஆகியுள்ளன. அந்த ஆய்வுகளில் இந்திய இயக்குநர்களின் பெயர்கள், குறிப்பாகத் தமிழர்களின் பெயர்கள், மீண்டும் மீண்டும் வருகின்றன.

பினாங்கிலிருந்து வந்த இளைஞர்

பி. ராம்லி 1929 மார்ச் 22ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். இயற்பெயர் தெயுக்கு ஸக்காரியா. பெயரின் முன்னால் உள்ள ‘பி’, தந்தையின் பெயரான பூத்தே என்பதன் முதலெழுத்து. வயலின் வாசிக்கக் கற்ற அவர், இளம் வயதிலேயே பாட்டுப் போட்டிகளில் பெயர் பெற்றார். அவரது திறமையைக் கண்ட இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் 1948ல் அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்துவந்தார். அந்த ஆண்டு வெளிவந்த ‘சிந்தா’ படத்தில் அவர் துணை நடிகராகவும் பின்னணிப் பாடகராகவும் அறிமுகமானார்.

அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய படம் 1950ல் வந்த ‘பக்தி’. அதை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். இளமையை மலாயாவில் கழித்து, சென்னையில் திரைத்தொழில் கற்றுத் திரும்பியவர் அவர். ‘ஜுவித்தா’ (1951) படத்தை எஸ். ராமநாதன் இயக்கினார். கே. எம். பாஸ்கர், கேரளத்தைச் சேர்ந்த பி. என். ராவ், வங்காளத்தைச் சேர்ந்த பணி மஜும்தார் ஆகியோரும் அதே நிலையத்தில் படம் எடுத்தவர்கள். 1955ல் ‘பெனாரெக் பெச்சா’ படத்தின் மூலம் ராம்லி தாமே இயக்குநரானார். பெச்சா ஓட்டும் ஏழை இளைஞரின் கதை அது.

இந்தியத் தாக்கம் எவ்வளவு?

மலாய்ப் படங்களில் பாடல் இடம்பெறும் வழக்கம் இந்திய இயக்குநர்களால் வந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் உண்டு. பாடலை முன்கூட்டியே பதிவுசெய்து, படப்பிடிப்பில் நடிகர் வாயசைக்கும் முறை இந்தியத் திரையுலகில் ஊறிய முறைதான். ராஜ்ஹான்ஸ் இயக்கி 1934ல் வெளிவந்த ‘லைலா மஜ்னுன்’ மலாய் மொழியின் முதல் படமாகக் கருதப்படுகிறது.

ஆனால் ஆய்வாளர்கள் இன்னும் பின்னோக்கிச் செல்கிறார்கள். இசை ஆய்வாளர் டான் சூய் பெங் 1993ல் வெளியிட்ட நூல், ‘பங்சாவான்’ என்ற மலாய் மேடை நாடகத்தின் வரலாற்றைச் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பினாங்கில் உருவான கலை அது. பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் கலந்த அந்த நாடகங்களைப் பார்த்துப் பழகியவர்களே பின்னர் மலாய்ப் படங்களுக்கு ரசிகர்களானார்கள். பங்சாவான் கலைஞர்கள் பலர் திரைக்கும் வந்தார்கள். ஆக, இந்தியத் தாக்கம் ஒரே முறை வந்து சேர்ந்தது அல்ல. முதலில் மேடைவழி வந்து மலாய் மரபாகவே மாறிவிட்டது. பிறகு திரைவழி மீண்டும் வந்தது.

ராம்லியின் மெட்டுகளில் அஸ்லி, இனாங், ஜோகெட் போன்ற மலாய் வடிவங்கள் உண்டு. ரும்பா, ச்சா ச்சா போன்ற லத்தீன் அமெரிக்கத் தாளங்களும், ஜாஸ் இசையின் சாயலும், இந்தித் திரைப்பாடலின் குழைவும் உண்டு. சீனர் முதலாளி, இந்தியர் இயக்குநர், மலாய்க்காரர் நடிகர், பிலிப்பினோ வாத்தியக் கலைஞர் எனப் பலரும் சேர்ந்து இயங்கிய தொழிலில் இந்தக் கலவை இயல்பாக அமைந்தது.

ஒரு மெட்டும் ஒரு தேசமும்

இத்துறையில் முக்கியமான அண்மைக்கால நூல், மலேசிய இசை ஆய்வாளர் அடில் ஜோஹான் எழுதியது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குச் செய்த ஆய்வை விரிவாக்கி அவர் எழுதிய இந்நூலை, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பதிப்பகமான என்யுஎஸ் பிரஸ் 2018ல் வெளியிட்டது. சுதந்திரக் காலத்து மலாய்த் திரையிசையே அதன் பொருள்.

பணி மஜும்தார் இயக்கிய ‘ஹங் துவா’ (1956) அவர் ஆராயும் படங்களில் ஒன்று. மலாக்கா வீரனின் கதையான இதற்கு இசை ராம்லி. ‘பெர்கொர்பான் அப்பா சஜா’ என்ற பாடலின் மெட்டு பின்னணி இசையிலும் திரும்பத் திரும்ப வருகிறது. தியாகம், விசுவாசம் ஆகியவற்றைப் பற்றிய அந்த மெட்டு, மலாயா சுதந்திரத்தை எதிர்நோக்கியிருந்த காலத்தில் தேச உணர்வைத் தாங்கி நின்றது என்பது ஆய்வின் பார்வை. மலாய் தேசிய அடையாளத்தைத் தேடிய அந்த இசை, பல இனத்தவரின் கூட்டு உழைப்பில் பிறந்தது என்பது நூலின் மையக் கருத்து.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வரலாற்று ஆய்வாளர் திமத்தி பர்னார்ட், அக்காலப் படங்களைக் காலனித்துவத்திலிருந்து விடுபடும் சமூகத்தின் ஆவணங்களாக வாசித்துள்ளார். ‘இபு மெர்த்துவாக்கு’ (1962) படத்தில் சாக்ஸஃபோன் கலைஞரை மருமகனாக ஏற்க மறுக்கும் மாமியாரைப் பலருக்கும் நினைவிருக்கும். இசைக்கலைஞருக்கு அன்று சமூகத்தில் இருந்த மதிப்பை அந்தக் கதை காட்டிவிடுகிறது.

ஆய்வின் சிக்கல்கள்

திரைப்பாடலை ஆராய்வது எழுத்து நூலை ஆராய்வது போன்றதல்ல. அச்சிட்ட இசைக்குறிப்பு கையில் இல்லாதபோது, ஆய்வாளர் படத்தையும் இசைத்தட்டையும் கேட்டுச் சுரங்களைத் தாமே எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பாடல் யாருடையது என்ற கேள்வியும் எழுகிறது. மெட்டும் குரலும் ராம்லியுடையவை. வரிகள் பெரும்பாலும் ஜமீல் சூலோங், எஸ். சுதர்மாஜி போன்ற பாடலாசிரியர்களுடையவை. வாத்தியம் வாசித்தவர்களின் பெயர்கள் பல படங்களில் தெரிவதே இல்லை. ஒரே நட்சத்திரத்தின் பெயரில் வழங்கும் பாடல்களுக்குப் பின்னால் இருந்தவர்களை வெளிக்கொண்டுவருவதே இந்த ஆய்வுகளின் பெரும் பயன்.

இசை பற்றிப் பேசிய இசைக்கலைஞர்

ராம்லி 1964ல் கோலாலம்பூரின் மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையத்துக்கு மாறினார். அப்போது கிட்டார் குழுக்களின் ‘பாப் யேயே’ இசை இளையரை ஈர்த்திருந்தது. அவருடைய இசை பழையதாகக் கருதப்பட்டது. ஜாலான் அம்பாஸ் நிலையமும் 1967ல் மூடப்பட்டது. 1971ல் கோலாலம்பூரில் நடந்த தேசியப் பண்பாட்டு மாநாட்டில், மலாய் மரபிசையின் தரத்தை உயர்த்துவது பற்றி அவர் கட்டுரை வாசித்தார். பல நாட்டு இசையையும் கலந்து மெட்டமைத்தவர், இறுதிக் காலத்தில் மரபைக் காப்பது பற்றிக் கவலைப்பட்டார். 1973 மே 29ஆம் தேதி, 44வது வயதில் காலமானார். மலேசிய அரசு 1990ல் அவருக்கு ‘டான் ஸ்ரீ’ விருதை அளித்தது. அவர் அதைப் பெற உயிரோடு இல்லை.

தமிழ் இசைக்கும் ஆய்வு

சிங்கப்பூர் இந்தியர்களின் இசையும் ஆய்வாளரின் பார்வைக்கு வந்துள்ளது. 1992ல் தொடங்கிய ‘ருத்ரா’ இசைக்குழு, வேத மந்திரங்களையும் மெட்டல் இசையையும் இணைத்தது. தேசியக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த யூஜின் டைரியநாதன், இக்குழுவின் இசையையும் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளத்தையும் பற்றி 2009ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

இத்தகைய நூல்களைத் தேடுவோர் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தை நாடலாம். கலைஞர்களின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைத் தேசிய ஆவணக் காப்பகம் சேகரித்து வருகிறது. வீட்டில் பழைய இசைத்தட்டு, நிகழ்ச்சித் தாள், புகைப்படம் வைத்திருப்போர் அவற்றில் ஆண்டையும் பெயர்களையும் குறித்து வைப்பது நல்லது. ஒரு பாடலில் வாத்தியம் வாசித்தவரின் பெயர் பின்னாளில் தெரியவருவது அப்படி ஒரு தாளினாலும் இருக்கலாம்.