நெய்வேலிச் சாம்பலும் ஃபெல்ட் பையும்

கடலூர் மாவட்டத்தில் தூசி பிடித்த கதையைத் தண்ணீரில் இருந்துதான் ஆரம்பிக்கணும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நெய்வேலியில் துளை போட்டது தண்ணீருக்காக. கூடவே வந்தது கறுப்பாக ஒரு பொருள். அந்தப் பழுப்பு நிலக்கரியின் எடையிலும் பாதி தண்ணீர்தான். கொதிகலனில் எரித்தால் அத்தனையும் ஆவியாகிப் புகையோடு சிம்னிக்குப் போகும்.

சோவியத் உதவியோடு முதல் யூனிட் ஓடத் தொடங்கியது 1962-ல். காற்றை வெடுக்கென்று அடித்துப் பையை உதறும் பல்ஸ் ஜெட் முறை அமெரிக்காவில் 1950களில்தான் பிறந்திருந்தது. நெய்த துணி அந்த அடியைத் தாங்கி வடிகட்டாது. நார்களை ஊசியால் குத்திப் பின்னிய ஃபெல்ட் தாங்கும். ஆனால் மின்நிலையப் புகைக்குப் பெரிய அளவில் பை மாட்டிப் பார்த்தது 1973 வாக்கில், பென்சில்வேனியாவின் சன்பரியில். அதுவும் ஃபெல்ட் இல்லை, கண்ணாடி இழைத் துணி. அதற்குள் நெய்வேலி முதல் நிலையம் 600 மெகாவாட்டை எட்டிவிட்டது. பின்னால் வந்த 1470 மெகாவாட் இரண்டாம் நிலையத்திலும் சாம்பலைப் பிடிப்பது மின்சாரம்தான்: 1907-ல் காட்ரெல் காட்டிய வழி, நம்மவர்கள் சொல்லும் ஈ.எஸ்.பி.

காலம் மட்டும் காரணமில்லை என்பது என் கணிப்பு. ஆலைகளில் சாதாரணமாக மாட்டுவது பாலியஸ்டர் ஃபெல்ட். உலர்ந்த காற்றில் 130, 140 டிகிரி தாங்கும். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து தண்ணீரை வெளியே தள்ளித்தான் பாலியஸ்டர் உருவாகிறது. சூடும் நீராவியும் சேர்ந்தால் அதே வினை திரும்பி நடக்கும். பார்க்க நல்லாத்தான் இருக்கும், கையால் இழுத்தால் காகிதம் மாதிரி கிழியும். ஈ.எஸ்.பி.க்கோ அதே ஈரம் ஒத்தாசை. சாம்பலின் மின்தடை குறைவதால் தகட்டில் சுலபமாக ஒட்டும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் நிலைமை தலைகீழ். அங்கே சாம்பலுக்கு மின்தடை அதிகம், ஈ.எஸ்.பி. திணறியது. 1970களில் அக்ரிலிக் ஃபெல்ட்டுக்கு மாறினார்கள். அக்ரிலிக் ஈரத்துக்கு அசையாது. ஆனால் 125 டிகிரிக்கு மேல் தாங்காது. புகை ரொம்பக் குளிர்ந்தாலோ கந்தக அமிலம் பையிலேயே வேர்க்கும். நடுவில் இருப்பது குறுகிய சந்து.

கடலூர்-சிதம்பரம் சாலையில் சிப்காட் ஆலைகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஓடும். உலர்த்திக்கும் சைலோ உச்சிக்கும் ஃபெல்ட் சரியான பொருள். எரியக்கூடிய பொடி என்றால் நிலைமின்சாரத்தைக் கடத்தும் நார் கலந்து, எர்த் கொடுத்தாகணும். நெல்லிக்குப்பம் மாதிரி சர்க்கரை ஆலை ஊர்களில் எரிக்கும் சக்கையிலும் பாதி ஈரம், கூடவே தீப்பொறி. வெறும் பாலியஸ்டர் அங்கே ஆகாது.

ஆனால் பர்ச்சேஸ் ஆர்டரில் பெரும்பாலும் இருப்பது '500 ஜி.எஸ்.எம். பாலியஸ்டர்' என்று ஒரே வரி. எத்தனை டிகிரி என்று கேட்பார்கள், ஈரம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். அக்ரிலிக்குக்கு விலையும் கூடுதல்.

பை கிழிந்தால் அழுத்த மீட்டர் முள் இறங்கும். ஷிஃப்ட்டில் இருப்பவருக்கு ஃபில்டர் சுத்தமாக ஓடுகிற மாதிரிதான் தெரியும். தூசி காற்றடிக்கும் பக்கத்துக் குடியிருப்புக்குப் போய்க்கொண்டிருக்கும்.