பெட்டிஹில்

கனடாவில் உள்ள என் நண்பர் ஒருவரின் வீட்டு வாசலில் ‘பெட்டிஹில்’ என்று ஒரு பித்தளைப் பலகை தொங்கும். டிரங்குப் பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். எலிசபெத் என்ற பெயரைச் செல்லமாகச் சுருக்கினால் பெட்டி. ஸ்காட்லாந்தின் வடகோடிக் கடற்கரையில் இருக்கும் அந்த ஊரிலிருந்துதான், கேலிக் மொழி பேசிய அவருடைய பாட்டனுக்குப் பாட்டனார் கப்பலேறினாராம். பூர்வீகத்தைப் பார்க்க நண்பர் புறப்பட்டபோது நானும் தொற்றிக்கொண்டேன்.

லேர்க் என்ற ஊரைத் தாண்டியதும் சாலை ஒற்றை வண்டிப் பாதையாகிவிடுகிறது. எதிரே கார் வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆல்ட்னஹாராவில் திரும்பினோம். வலப்புறம் நேவர் ஏரி. அதற்கு அப்பால் பென் கிளிப்ரெக் மலை. ஏரி முடிந்த இடத்தில் ஆறு தொடங்கிற்று. பசும்புல், ஆடுகள், மறுபடியும் பசும்புல். மைல் கணக்கில் வீடே இல்லை. “மனிதன் கால் படாத இடம்!” என்று நண்பர் காரை நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்தார். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் காலை, பெட்டிஹில்லின் பழைய மாதாகோவிலில் உள்ள பொருட்காட்சி சாலைக்குப் போனோம். குடும்பப் பைபிளின் முதல் பக்கத்தை அங்கிருந்த அம்மாளிடம் நண்பர் காட்டினார். பாட்டனாரின் பெயருக்குக் கீழே ‘ரோஸால்’ என்று எழுதியிருந்தது. “இது அவருடைய தாயார் பெயர்” என்றார்.

அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “தாயார் பெயர் இல்லை, ஐயா. ஊர்ப் பெயர். வரும் வழியில் ஸைர் பாலத்துக்கு அக்கரையில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.”

பிறகுதான் விஷயம் வெளிவந்தது. அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் குடிகள் வாழ்ந்த இடம். ஆடு வளர்த்தால் குத்தகை அதிகம் வரும் என்று ஜமீன் கண்டுகொண்டது. 1814-ல் குடிகளை வெளியேற்ற வந்த காரியஸ்தர் பாட்ரிக் ஸெல்லர்; காலியான நிலத்தை ஆட்டுப் பண்ணைக்குக் குத்தகை எடுத்தவரும் அவரே! வீட்டுக்குத் தீ வைத்ததாகவும் உயிர்ச்சேதம் விளைவித்ததாகவும் 1816-ல் இன்வர்னெஸ்ஸில் வழக்கு நடந்தது. ஜூரிகள் விடுதலை செய்துவிட்டார்கள். 1819-ல் மறுபடியும் தீ. ரோஸாலில் பிறந்த டொனால்ட் மக்லௌட் என்ற கொத்தனார், ஒரு மேட்டில் ஏறி நின்று எரியும் வீடுகளை எண்ணினேன், 250 என்று எழுதி வைத்திருக்கிறார். மிகைப்படுத்திவிட்டார் என்பாரும் உண்டு. பாதியைத் தள்ளினாலும் 125 வீடு ஆகிறதே!

விரட்டப்பட்டவர்களுக்குக் கடற்கரையில் துண்டு துண்டாக நிலம் கொடுத்தார்கள். குரோஃப்ட் என்பது அதுதான். வயிறு நிறையாத அளவுக்கு வேண்டுமென்றே சிறிதாக அளந்தார்கள்; அப்போதுதானே மாடு மேய்த்தவன் மீன் பிடிக்கப் போவான்? இந்த நிலத்திலிருந்தும் விரட்ட முடியாது என்ற சட்டம் 1886-ல்தான் வந்தது.

“அப்படியானால் பெட்டி என்பது யார்?” என்று நண்பர் கேட்டார்.

“ஜமீன்தாரிணி. ஸதர்லாந்து சீமாட்டி எலிசபெத்.”

அவர் வெகுநேரம் பேசவில்லை. கேலிக்கில் இந்த ஊருக்கு வேறு பெயர் உண்டா என்று மட்டும் விசாரித்தார். உண்டாம். பழுப்பு நிறச் சிறு வெளி என்று அதற்கு அர்த்தமாம்.

பன்னிரண்டு மைல் திரும்பி வந்து ரோஸாலுக்கு ஏறினோம். புல்லுக்குள் தாழ்ந்த கற்சுவர்கள். எது எந்த வீடு என்று யார் சொல்வது? நண்பர் ஒரு சுவரோரம் உட்கார்ந்தார். காமிராவை உறையிலிருந்து எடுக்கவில்லை.

சென்ற மாதம் கடிதம் எழுதியிருந்தார். பலகையைக் கழற்றிவிட்டாராம். சுவரில் நாலு ஆணித் துளைகள் தெரிகின்றனவாம். சீக்கிரம் எதையாவது மாட்டுங்கள் என்று அவர் மனைவி நச்சரிக்கிறாராம்.