சவுண்டல் தழையும் ஹவாய் ஆடும்

வடசேரி கனகமூலம் சந்தைக்கு வந்து போகிறவர்களில் ஆடு மாடு வச்சிருக்கிறவங்களும் உண்டு. சவுண்டல், அதாவது சூபாபுல், அவங்களுக்குத் தெரிந்த மரம்தான். அதன் கதையைக் கேளுங்கள்.

மெக்சிகோ பக்கத்து மரம் இது. தழையில் புரதம் அதிகம். கூடவே மைமோசின் என்கிற நஞ்சும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இதையே மேய்ந்த மாடுகளுக்கு முடி கொட்டியது, கழுத்துச் சுரப்பி வீங்கியது, எடையும் குறைந்தது. ஹவாய்த் தீவு ஆடுகளோ வயிறு முட்டத் தின்னுச்சு, ஒண்ணும் ஆகலை! மரம் ஒண்ணுதானே, இது எப்படி?

ஹவாய் ஆடுகளின் வயிற்று நுண்ணுயிர்கள்தான் நஞ்சை முறிக்கின்றனவோ என்று 1981-ல் ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி கேட்டார். அந்த நுண்ணுயிர்களை எடுத்து ஆஸ்திரேலிய ஆடு மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நஞ்சு முறிந்தது! அந்த வெற்றி 1986-ல் அச்சில் வந்தது. 1992-ல் அந்த பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே சேர்த்து 'சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை' என்று பெயர் வைத்தார்கள்.

கிருமி என்றாலே நோய் என்று பயப்படுகிறோம். ஆனால் மாடு தின்கிற வைக்கோலைச் செரிக்க வைப்பதே கிருமிதான். நம் குடலிலும், நமக்குச் செரிக்காத நாரை அவைதான் புளிக்க வைத்துச் சத்தாக்குகின்றன.

புதுத் தீனிக்கு அவை பழக நாள் பிடிக்கும். ஆகவே சவுண்டல் தழையைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுங்க. பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே வேண்டாம். முடி கொட்டினால் உடனே நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரைப் பாருங்க.