சிறுபாணாற்றுப்படையில் வழியும் பொழுதும்

பழந்தமிழ் நூல்களில் வழிச்செலவு கூறப்படும் இடங்கள் பல. அச்செலவு எத்தனை நாளைக்கு உரியது, வழியில் பொழுது எவ்வாறு கழிந்தது என்னும் வினாக்களை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. ஊர்ப்பெயர்களை இன்றைய நிலப்படத்தில் தேடிக் கண்டவுடன் ஆராய்ச்சி முடிந்ததாகக் கருதுகிறோம். ஊர்கள் மெய்யாயினும், அவற்றிடையே செல்வார்க்குப் பொழுது மெய்யாகக் கழியவில்லையெனின், அவ்வழி புலவர் கற்பித்த வழியேயன்றி மக்கள் நடந்த வழியாகாது. ஆதலின் ஆற்றுப்படைகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்வார்க்கு இவ்வினா இன்றியமையாதது. 269 அடிகளையுடைய சிறுபாணாற்றுப்படையைக் கொண்டு இதனை ஆராய்வாம்.

இந்நூலை இயற்றிய நத்தத்தனார் இடைக்கழி நாட்டு நல்லூரினர். இடைக்கழி நாடு, செங்கற்பட்டு மாவட்டத்துச் செய்யூர் வட்டத்தில், கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்டுக் கிடக்கும் நிலம். பெயரே அதன் இயல்பை உணர்த்தும். அதற்கு வடக்கே மாமல்லபுரமும், அதனினும் வடக்கே கோவளமும் இத்தகைய கடற்கரையிலேயே அமைந்துள்ளன. கோவளத்தில் நிற்பார்க்குக் கிழக்கே கடலும் மேற்கே கழியும் எல்லையாகும். தெற்கே மரக்காணத்திலும் கழியும் உப்பளமும் உண்டு. அம்மரக்காணமே நூலிற் கூறப்படும் எயிற்பட்டினம் என்பர் அறிஞர். ஆகவே புலவர் தம் நாட்டை அடுத்துக் கிடந்த வழியையே பாடினார். பிறர்வாய்க் கேட்ட சேய்மை நாட்டு வழியையன்று.

ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையுற்ற மற்றொரு பாணனுக்கு வழி கூறுகின்றான். முதலில் எயிற்பட்டினம், அங்கு நுளையர் மகளிர் கள்ளும் சுட்ட மீனும் தருவர். அடுத்து வேலூர்; எயிற்றியர் புளியிட்ட சோறும் ஆமான் சூடும் அளிப்பர். அதன்பின் ஆமூர்; உழவர் மனையில் வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும். ஆமூரைக் கடந்தால் மன்னன் மூதூர் தொலைவிலன்று. கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது. வேலூரை உப்புவேலூர் என்றும், ஆமூரை நல்லாமூர் என்றும் கொள்வர். வழியின் நீளத்தைப் புலவர் காதத்தால் அளக்கவில்லை, உண்டியால் அளக்கின்றார்.

நாளைக் குறிக்கும் எண் நூலில் இல்லை. எனினும் பொழுது குறிக்கப்படாமல் இல்லை. வழி கேட்கும் பாணன், காலை ஞாயிற்றின் கதிர் சுடத் தொடங்கிய வேளையில், பாலை வழியில், மராமரத்தின் வரிநிழலில் இளைப்பாறுகின்றான். வேலூரை அடையுமாறு கூறும் இடத்தில், ஞாயிறு மலையில் மறைந்து ஒளி மாறும் செவ்வி சுட்டப்படுகின்றது. ஆமூரைச் சூழ்ந்த மருதத்தை வருணிக்குமிடத்தில் அன்றலர்ந்த தாமரை காட்டப்படுகின்றது. இவற்றை வரிசைப்படுத்தின், வெயிலேறும் பொழுது, மாலை, விடியல் என்னும் முறை பெறப்படும். மாலைக்கும் விடியலுக்கும் இடையே ஓரிரவு சொல்லாமலே அடங்கிக் கிடக்கின்றது.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என ஒருங்கு வைத்தது. பாலைக்கு நண்பகல், நெய்தலுக்கு எற்பாடு, முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை உரியன. எற்பாடு என்பதற்கு ஞாயிறு சாயும் பொழுது எனப் பொருள் கொண்டாரும், ஞாயிறு தோன்றும் பொழுது எனக் கொண்டாரும் உளர். முன்னையோர் கருத்தே ஈண்டுப் பொருந்துவதாகும். பாலையில் தொடங்கி, நெய்தற் பட்டினமும் முல்லை சூழ்ந்த வேலூரும் கடந்து, மருதத்து ஆமூரை அடைவான் ஒருவன், நண்பகல் முதல் மறுநாள் விடியல்வரை பொழுதையும் முறையே கடக்கின்றான். நிலம் மாறுதலே பொழுது மாறுதலாயிற்று.

இஃது இலக்கண மரபேயன்றி நிகழ்ச்சியன்று எனவும், அலர்ந்த தாமரை மருத வருணனையேயன்றிச் சென்றடைந்த வேளையைக் குறிப்பதன்று எனவும் சிலர் கூறலாம். தாமரையை மட்டும் சான்றாகக் கொள்ளின் அத்தடை வலியுடையதே. ஆனால் வேலூரில் ஞாயிறு மறைதல் வெறும் வருணனையன்று. அச்செவ்வியை நோக்கிச் செல்க எனப் பாணனுக்குக் கூறும் அறிவுரையாகும். மேலும், மரபு மட்டுமே காரணமாயின் நடையளவு அதனோடு ஒத்துவர வேண்டுவதில்லை. ஒத்துவருகின்றதா என்பதே நாம் காணவேண்டுவது.

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். வேலூரும் ஆமூரும் வழியாகச் செல்லின் சிறிது மிகும். யாழும் பிற கருவிகளும் சுமந்து, விறலியரும் உடன்வர நடப்பார் மணிக்கு 4 கிலோமீட்டர் செல்வர் எனக் கொள்ளின், ஒன்பது அல்லது பத்து மணி நேரம் வேண்டும். வெயில் தாழ்ந்தபின் புறப்பட்டு, இருளில் தங்கி, விடியலில் எழுந்து நடந்தாலன்றி இது முடியாது. ஓரிரவு இடையிட்ட இருநாட் செலவு என்று நூல் குறிப்பாற் காட்டுவதும், கால்நடை கணக்காற் காட்டுவதும் ஒன்றே.

பிற நூல்களோடு ஒப்பிடின் இம்முறையின் தனித்தன்மை விளங்கும். சிலப்பதிகாரத்தில், மதுரை எவ்வளவு தொலைவு எனக் கண்ணகி வினவ, கோவலன் முப்பது காதம் என்பதனை ஆறைந்து எனச் சுருக்கிச் சொல்லி நகைக்கின்றான். பின்னர் அவள் மெல்லடி கருதி நாளொன்றுக்கு ஒரு காதத்துக்கு மேல் அவர்கள் கடக்கவில்லை என்று இளங்கோவடிகள் உரைக்கின்றார். மலைபடுகடாத்தில், இரவில் கற்குகையில் தங்கி விடியலில் புறப்படுமாறு வெளிப்படையாகவே அறிவுறுத்தப்படுகின்றது. ஒன்று எண்ணால் உணர்த்திற்று. மற்றொன்று ஏவலால் உணர்த்திற்று. சிறுபாணாற்றுப்படை நிலத்தாலும் உணவாலும் உணர்த்திற்று.

இச்சிக்கல் பழைய புலவர்க்கு மட்டும் உரியதன்று. 'திறந்த உலகம்' எனப்படும் இக்காலக் கணினி விளையாட்டுகளில், ஆடுவோர் விரும்பிய திசையிற் செல்லுமாறு ஒரு நாடே அமைக்கப்படுகின்றது. ஆடுவோர் பொறுமைக்கேற்ப அங்கு நாளைச் சுருக்குவர். 2011-இல் வெளிவந்த ஸ்கைரிமில் ஒரு நாள் 72 நிமிடம்; மைன்கிராஃப்டில் 20 நிமிடம். நாளைச் சுருக்கிய அளவிலேயே நிலத்தையும் நடையையும் சுருக்காவிடில், சிறு வயலைக் கடக்குமுன் பொழுது சாய்ந்துவிடும். அதனால் சில விளையாட்டுகள், முன்னரே சென்ற ஊரை நிலப்படத்தில் தொட்டவுடன் அங்குச் சேர்த்துவிடும் வழியையும் வைத்தன; அப்பொழுது நாழிகை கழியும், வழி தோன்றாது. நத்தத்தனார் நாளைச் சுருக்கவில்லை. சொல்லத்தகாத வெற்றுப் பொழுதை விலக்கி, தங்குமிடங்களை மட்டும் நிறுத்தினார். அதனால் 269 அடிக்குள் அடங்கியும் செலவின் அளவு சிதையவில்லை.

இக்கடற்கரையின் பிற்கால வரலாறும் இதனைத் தெளிவிக்கும். சென்னைக்கு வடக்கே 1806-இல் தொடங்கப்பெற்று, பின்னர்த் தெற்கே கோவளம், மாமல்லபுரம் ஆகியவற்றின் மேற்புறமாக மரக்காணம்வரை நீண்ட கால்வாய், 1878-இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயர் பெற்றது. எயிற்பட்டினமாகிய பாணர் வழியின் தொடக்கமே கால்வாயின் தென்முடிவாயிற்று. கரையில் நடப்பார் கயிற்றால் இழுக்கப்பெற்ற படகு, அவர் நடையினும் விரைந்து செல்லவியலாது. சென்னையிலிருந்து அக்கால்வாயிற் சென்றதைப் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' எனப் பெயரிட்டுப் பாடினார். பழைய செலவு என்னும் சொல் அங்கு ஆட்சி பெற்றது பொருத்தமுடைத்து. நடையின் பொழுதே அப்படகின் பொழுதுமாகும்.

இன்று கால்வாயிற் படகுப் போக்குவரத்து இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தினின்று மாமல்லபுரம் அடைய அரைமணிப் பொழுது போதும். இவ்விரைவில் செல்லும் மாணவர்க்கு எயிற்பட்டினமும் வேலூரும் ஆமூரும் ஒரே பகலின் மூன்று பெயர்களாகவே தோன்றும். மூன்று உண்டிகளாகவும், ஓர் இரவாகவும் தோன்றா. அதனால் ஆற்றுப்படை வழியை வெறும் மரபென ஒதுக்குதல் எளிதாகிவிட்டது.

இதுகாறும் கூறியவற்றால், சிறுபாணாற்றுப்படையின் வழி ஊர்ப்பெயரால் மட்டுமன்றிப் பொழுதளவாலும் மெய்வழி என்பது பெறப்படும். பெரும்பாணாற்றுப்படையிலும் மலைபடுகடாத்திலும் இவ்வாறே பொழுதைத் தனித்தெடுத்து, நிலத்தொலைவோடு வைத்து ஆராய்தல் வேண்டும். ஊர்களை இடங்காணும் பணியில் கருத்து வேறுபாடு நிற்கும் இடங்களில், ஒருநாள் நடை என்னும் அளவுகோல் நடுநின்று தீர்ப்புக்கூற உதவும். அவ்வாராய்ச்சி செய்ய விரும்புவார் நிலப்படத்தோடு அமையாமல், மரக்காணத்திலிருந்து திண்டிவனம்வரை ஒருமுறையேனும் நடந்து காண்பாராக.